உட்கார்ந்தவர் பெயர்

ஒரு ஊர்ல ஒரு ராஜான்னு ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான், ஆனா எங்ககிட்ட இருந்தது ஒரு பிளாக்கும் ஒரு கம்ப்யூட்டரும்தான். எண்ணூர் போற ரோட்டுல, உப்புக் காத்துல சுவர் உதிர்ந்து கம்பி வெளிய தெரிய நிக்கிற ஹவுசிங் போர்டு குடியிருப்புல எங்களோடது எட்டாம் நம்பர் பிளாக், நாலு மாடி, முப்பத்திரண்டு வீடு. கீழே தண்ணி மோட்டாருக்குப் பக்கத்து ரூம்தான் சங்க ரூம். அங்க ஏதோ ஒரு கம்பெனிக்காரங்க வந்து, மாலை போட்டுக்கிட்டு, போட்டோ எடுத்துக்கிட்டு, பழைய கம்ப்யூட்டர் ஒண்ணை வெச்சுட்டுப் போனாங்க. முப்பத்திரண்டு வீட்டுக்கு ஒண்ணு.

அன்னையிலேருந்து சண்டைதான். நான் அரை மணி நேரம்தான் உக்காந்தேன், நீ ரெண்டு மணி நேரம் உக்காந்தே, உன் புள்ள கேம் ஆடினான், என் பொண்ணு அப்ளிகேஷன் போடணும்னு காலையில ஒன்பது மணிக்குக் கதவு திறந்தா சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டற வரைக்கும் ஒரே கூச்சல். தண்ணி லாரி சண்டையே பரவாயில்லைன்னு ஆயிடுச்சு. நான்தான் போய் வாயைக் குடுத்தேன். "யார் எப்ப வந்தாங்க, எப்ப எந்திரிச்சாங்கன்னு ஒரு ஷீட் போட்டு எழுதி வெச்சா சண்டை வராதில்ல?"ன்னேன். சும்மா இருந்திருக்கலாம்.

நான் கோமளவல்லி, இருபத்திரண்டாம் நம்பர் வீடு, அங்கன்வாடியில ஆயா. புள்ளைங்க வருகை, எடை, முட்டைன்னு பதினாறு வருஷமா நோட்டுல கோடு போட்டவளுக்குக் கம்ப்யூட்டர்ல கட்டம் போடறது எம்மாத்திரம்னு ஒரு திமிரு. தினம் வேலை முடிஞ்சு வந்து, போன்ல வீடியோவைப் பார்த்துப் பார்த்து, பத்தொன்பது நாள் உக்காந்து கத்துக்கிட்டேன். தேதி, வீட்டு நம்பர், பேர், உள்ள வந்த நேரம், வெளிய போன நேரம், மொத்தம். நேரத்தைப் போட்டா மொத்தத்தை அதுவே கூட்டிக்கும். பேர்க் கட்டத்துல ஒரு அம்புக்குறி, அதைத் தட்டினா முப்பத்திரண்டு பேரும் வரிசையா இறங்கும், உங்களோடதைத் தொட்டா போதும். நான் கத்துக்க உக்காந்த பத்தொன்பது நாளையும் முதல் வரிசையா அதுலயே ஏத்தினேன். அந்த அம்புக்குறியைக் கொண்டுவந்த அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்னிக்குக்கூட இல்ல, நெஜமா சொல்றேன்.

அந்த முப்பத்திரண்டு பேரை எங்கேருந்து எடுத்தேன் தெரியுமா? சங்க ரூம் சுவத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற ஒதுக்கீட்டு லிஸ்ட்லேருந்து. யார் யாருக்கு எந்த வீடுன்னு போர்டு குடுத்த லிஸ்ட், வீட்டுக்கு ஒரு பேர், அத்தனையும் ஆம்பளைப் பேர். அதுல எட்டுப் பேர் செத்தே போயிட்டாங்க, என் வீட்டுக்காரர் தயாளன் உள்பட. குடிச்சுக் குடிச்சு ஈரல் வெந்து நாலு வருஷம் முன்னாடி போய்ச் சேர்ந்த மனுஷன். பேர் மாத்திக் குடுங்கன்னு நாலு வருஷமா அலையறேன், வாரிசு சர்ட்டிபிகேட் கொண்டா, அசல் கொண்டா, நாளைக்கு வான்னு சொல்றாங்க. அதனால லிஸ்ட்ல இருபத்திரண்டாம் நம்பர்ல அவர்தான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கார்.

சங்கத் தலைவர் பக்கிரிசாமி எட்டிப் பார்த்து, "வீட்டுக்கு ஒரு பேர் போதும்மா. புருஷன் பேர் என்ன, பொண்டாட்டி பேர் என்ன, எல்லாம் ஒரே வீடுதானே"ன்னார். நானும் சரின்னு தலையாட்டி, பேர்க் கட்டத்துக்கு மேல 'குடும்பத் தலைவர்'னு தலைப்பையும் மாத்தினேன். என் தலையை நானே செவுத்துல முட்டிக்கணும். உக்காரப் போறது பூரா பொம்பளைங்கன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் தோணல. அங்கன்வாடியிலயும் அப்பா பேரைத்தான் முதல்ல எழுதறோம், கை அப்படியே பழகிடுச்சு.

இப்ப ரெஜினாவைப் பத்திச் சொல்லணும். பதினாலாம் நம்பர் வீடு. விடிகாலையில ஐஸ் கம்பெனிக்குப் போய் இறால் உரிக்கிறவ. ஐஸ்லயே கையை வெச்சு வெச்சு, ஓடு குத்திக் குத்தி, பத்து விரலும் வெடிச்சுக் கிடக்கும், சோத்தைப் பிசைஞ்சா எரியும், அதனால ஸ்பூன்ல சாப்பிடுவா, அதுக்கும் "பெரிய துரைசாணி"ன்னு பேச்சு வாங்குவா. புருஷன் அருளப்பன். காலையில எந்திரிச்சா கேரம் போர்டு, மத்தியானம் தூக்கம், மறுபடியும் கேரம் போர்டு. கை நீட்டற ஆளு. ஒருநாள் அறைஞ்ச அறையில அவ இடது காது போயே போச்சு, அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டா. அவளுக்கு ஒரே ஆசைதான். துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் ஆபீஸ்ல டைப் அடிக்கிற வேலைக்கு மூணு பேர் எடுக்கறாங்க, இருபதாம் தேதி காலையில டெஸ்ட், பாஸ் பண்ணிட்டா ஐஸை விட்டுடலாம், மக ஜெனிபரைக் கூட்டிக்கிட்டுத் தனியா போயிடலாம். இதை என்கிட்ட மட்டும்தான் சொன்னா.

அதுக்காக அவ உக்காந்தா பாருங்க, அப்படி யாரும் உக்காந்து நான் பார்த்ததில்ல. இறால் வாசனையோட நேரா வருவா, விரல்ல தேங்காய் எண்ணெயைத் தடவித் துணியில துடைச்சுட்டு, அம்புக்குறியைத் தட்டி, எறங்கற பேர்ல பதினாலுக்கு எதிர்ல இருக்கிற 'அருளப்பன்'ங்கிற பேரைத் தொட்டுட்டு ஆரம்பிப்பா. நாப்பது நாள், அறுபத்தோரு மணி நேரம். முதல்நாள் என்கிட்ட, "அக்கா, இந்த எழுத்தெல்லாம் ஏன் வரிசையா இல்லாம இறைஞ்சு கெடக்கு?"ன்னு கேட்டவ, கடைசியில கண்ணை மூடிக்கிட்டு அடிச்சா. ஷீட்கூடப் போடக் கத்துக்கிட்டா.

எட்டாம் தேதி காலையில வந்து உக்காந்தா. கீபோர்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் திரும்பி, "அக்கா, இந்த எழுத்தெல்லாம் ஏன் வரிசையா இல்லாம இறைஞ்சு கெடக்கு?"ன்னு கேட்டா.

அதே நேரம் வாசல்ல அருளப்பன் விரல் கேரம் போர்டு விளிம்புல தடதடன்னு ஓடிக்கிட்டிருந்துச்சு. அஞ்சாங்கிளாஸ் தாண்டாத மனுஷன். மேட்ச் ஸ்கோர் பார்க்கலாம்னு உள்ள வந்தவர், நின்ன வாக்குலயே, கீபோர்டைப் பார்க்காம, பத்து விரலாலயும் அடிச்சார். "அட, வருதே"ன்னு சிரிச்சார். நான் சுவத்து லிஸ்ட்டைப் பார்த்தேன், ஷீட்டைப் பார்த்தேன், புரிஞ்சு போச்சு. யார் உக்காந்தாலும் சரி, எந்தப் பேர்ல நேரம் ஏறுதோ அந்தப் பேருக்குத்தான் கத்துக்கிட்டதும் போய்ச் சேருது.

இதைக் கேட்டு எங்க பிளாக்ல யாராவது அதிர்ச்சி ஆனாங்களான்னு கேளுங்க. ஒருத்தர் கிடையாது! மூணாவது மாடி ஷாகிரா வீடியோ பார்த்து மருதாணி டிசைன் கத்துக்கிட்டா, அவ புருஷன் பஷீர் ஆட்டோ கண்ணாடித் தூசியில கொடியும் மாங்காயுமா வரைய ஆரம்பிச்சார், அவளுக்கு ஒரு சுழி போட வரல. "எங்க பஷீருக்கு என்ன கைவண்ணம் பாரு"ன்னு ஊரே மெச்சுச்சு. தலைவர் பக்கிரிசாமி வீட்டுல பாத்திரம் தேய்க்கிற மல்லிகாவை, தினம் நாலு மணி நேரம் தலைவர் பேர்ல உக்கார வெச்சு இங்கிலீஷ் வீடியோ கேக்க விட்டாங்க, அஞ்சே நாள்ல தலைவர் குடிநீர் ஆபீசுக்குப் போய் இங்கிலீஷ்ல சண்டை போட்டுட்டு வந்தார், மல்லிகாவுக்கு அதுவரைக்கும் தெரிஞ்சிருந்த 'தேங்க்யூ'வும் மறந்து போச்சு. அப்புறம் கேக்கணுமா? ஆம்பளைங்க பொண்டாட்டிகளை டிபன் கட்டிக் குடுத்து அனுப்பினாங்க. "போ, போய் உக்காரு, நான் கத்துக்கணும்"னாங்க. மவுசுக்குப் பொட்டு வெச்சுக் கற்பூரம் காட்டினாங்க. பொண்ணு பார்க்க வந்த தரகர், சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமான்னு கேக்கறதை விட்டுட்டு, "பொண்ணு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உக்காரும்?"னு கேட்டார். புருஷன் பொண்டாட்டி ஓருடல்னு பிரசங்கம் வேற.

இதுலயும் அவங்களுக்கு ஒரு குறை. கத்துக்கிட்டது மட்டும் போய்ச் சேரலையே, உக்காந்தவ முதுகு வலியும் கழுத்து வலியும் கண் எரிச்சலும்கூடச் சேர்ந்தே போச்சு. கேரம் போர்டுகிட்ட உக்காந்திருந்தவங்க கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு, "நேரா உக்காந்து தொலைங்கடி"ன்னு ஜன்னல் வழியா கத்தினாங்க. சங்கத்துல கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேத்தினாங்க: பெண்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும், நாற்காலிக்கு மெத்தை வாங்க வேண்டும். எங்க முதுகுக்காக இல்ல, அவங்க முதுகுக்காக.

"நான் போட்ட ஷீட், நானே மாத்தறேன்"னு விடுவிடுன்னு போய் உக்காந்தேன். உக்காந்தவ உக்காந்தவதான். பேர் லிஸ்ட் எங்க இருக்கு, அந்த அம்புக்குறியை எப்படிக் கொண்டுவந்தேன், தலைப்பை எப்படி மாத்தறது, ஒண்ணுமே தெரியல. என் பத்தொன்பது நாளும் யார் பேர்ல ஏறியிருக்கு? த. தயாளன். உயிரோட இருக்கும்போது சம்பளம், தாலி, அண்டா, குண்டான்னு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போன மனுஷன், செத்தும் என் படிப்பை எடுத்துக்கிட்டார். கல்லறையில உக்காந்து கட்டம் போட்டுக்கிட்டு இருக்கார் போல.

ஷீட் தெரிஞ்சவ இன்னொருத்தி ரெஜினா. அவளோடது அருளப்பன்கிட்ட இருக்கு. அவர்கிட்டப் போய்க் கெஞ்சினேன். "தம்பி, அஞ்சு நிமிஷ வேலை. அவ பேரைப் போட்டு மாத்திக் குடு. இருபதாம் தேதி டெஸ்ட்டுப்பா."

"அப்ப எனக்குப் போயிடுமே"ன்னார், ஸ்டிரைக்கரை வெச்சுக் குறி பார்த்துக்கிட்டே.

"அப்ப நீயே போய் அந்த டெஸ்ட்டை எழுது! வேலைக்காவது போ!"

"யாரு, நானா? காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்து தட்டறதா? அதெல்லாம் பொம்பள வேலைக்கா"ன்னு சொல்லிட்டு, ஒரு காயைத் தட்டிப் போட்டார்.

எனக்கு அவர் மென்னியைத் திருகணும்போல இருந்துச்சு. அறுபத்தோரு மணி நேரம், அந்த வெடிச்ச விரலோட அவ உக்காந்தது, இந்த ஆளுக்குக் கேரம் போர்டு விளிம்புல தாளம் போட.

திரும்பி வந்து ரெஜினாகிட்டச் சொன்னேன். நான் கத்துவேன், அழுவேன், அவ அப்படி இல்ல. அந்தப் புது மெத்தையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தா. "அக்கா, முதுகு வலி போகுதுல்ல?"ன்னா.

"போகுது. அதான் மெத்தை."

"அப்ப மத்த வலியும் போகும்."

பதினேழாம் தேதி காலையில ஒன்பது மணிக்கு வந்தா, அம்புக்குறியைத் தட்டி அருளப்பன் பேரைத் தொட்டா, கீபோர்டைத் தள்ளி வெச்சுட்டு, கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தா. ஒரு எழுத்து அடிக்கல. உக்காந்து நெனைச்சா, அவ்வளவுதான். ஐஸ் பெட்டிக்குள்ள மணிக்கட்டு வரைக்கும் கை விறைச்சுக் கிடந்த விடிகாலை எல்லாத்தையும் நெனைச்சா, ஆஸ்பத்திரி வராண்டாவுல இடுப்பு வலியோட ராத்திரியெல்லாம் நடந்து நடந்து வாசலையே பார்த்தும் வராம போனவரை நெனைச்சா, மீன் குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு விழுந்த அறையையும், அந்த அறையில உள்ள ஏதோ கிழிஞ்ச சத்தத்தையும், அதுக்கப்புறம் அந்தப் பக்கத்துல வந்து உக்காந்த அமைதியையும், நாலு வயசு ஜெனிபர் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு ஒண்ணுக்குப் போனதையும், ஒண்ணு விடாம, மெதுவா, இறால் உரிக்கிற மாதிரி ஒவ்வொண்ணா எடுத்து நெனைச்சா.

வெளிய அருளப்பன் கையிலேருந்து ஸ்டிரைக்கர் விழுந்துச்சு. இடது காதைப் பொத்திக்கிட்டார்.

அடுத்த முறை ஷாகிரா, பஷீர் பேர்ல. அதுக்கு அடுத்து மல்லிகா, தலைவர் பேர்ல. நின்னுக்கிட்டே சாப்பிட்ட சோறு, தனியா வெச்ச டம்ளர், பண்டிகைக்குக் குடுத்த கிழிஞ்ச புடவை, எல்லாத்தையும் நெனைச்சா. அன்னிக்கு மத்தியானம் தலைவரால அவர் வீட்டு சோபாவுல அவரே உக்கார முடியல, சமையல்கட்டு ஓரத்துல நின்னுக்கிட்டே தின்னார். நானும் ஒரு மணி நேரம் உக்காந்தேன், தயாளன் பேர்ல. என்ன நெனைச்சு உக்காந்தேன்னு கேக்காதீங்க, இப்ப எனக்கே தெரியாது. எந்திரிச்சப்ப உடம்பு லேசா இருந்துச்சு.

மூணு நாள். மாடி மாடியா எறங்கி வந்து பொம்பளைங்க வரிசையில நின்னாங்க, படிக்க இல்ல, இறக்கி வைக்க. கேரம் போர்டைச் சுத்தி ஆம்பளைங்க குத்தவெச்சு உக்காந்து, காரணம் தெரியாம மூக்கைச் சிந்திக்கிட்டிருந்தாங்க. ஒருத்தர் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு அம்மாடின்னார். மூணு புள்ள பெத்தவளோட புருஷன் அவர்.

பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்குத் தலைவர் வந்து நின்னார். "போதும்மா. கம்ப்யூட்டரை எடுத்து வெளிய போட்டுடலாம்."

"போடுங்க. ஏறினது ஏறினபடியே உங்க பேர்லயே நிக்கும்"னேன்.

அவர் பின்னால அருளப்பன். மூணு நாளா தூங்காத கண்ணு. யாரும் சொல்லாமலே போய் நாற்காலியில உக்காந்தார். ரெஜினாவோட விரல் அவர் கையில ஓடுச்சு. 'குடும்பத் தலைவர்'ங்கிற தலைப்பை அழிச்சார். "என்ன போடறது?"ன்னார். "உட்கார்ந்தவர்"னு போடச் சொன்னேன். பேர் லிஸ்ட்ல ரெஜினா, ஷாகிரா, மல்லிகா, கோமளவல்லின்னு ஒவ்வொரு பேரா ஏத்தினார். அப்புறம் பதினாலாம் நம்பர் வீட்டு வரிசையை முதல் நாள்லேருந்து மாத்த ஆரம்பிச்சார். ஒரு வரிசை, ரெண்டு வரிசை, பத்து. மாத்த மாத்த அவர் விரல் தடுமாற ஆரம்பிச்சுச்சு. முப்பதாவது வரிசையில ஒத்தை விரலால தேடினார். முப்பத்து நாலுல நிறுத்திட்டு, கீபோர்டைப் பார்த்து, "இது ஏன் வரிசையா இல்லாம கெடக்கு?"ன்னு முனகினார்.

"எந்திரிங்க"ன்னா ரெஜினா.

உக்காந்தா. மிச்ச ஆறு வரிசையைக் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள மாத்தினா. ஷாகிராவோடது, மல்லிகாவோடது, என் பத்தொன்பது நாள், எல்லாம் மாத்தினா. தயாளன்கிட்டேருந்து கட்டம் கட்டமா என் அறிவு எனக்குத் திரும்பி வந்துச்சு, அம்புக்குறி உள்பட. தலைவருக்கு நாக்குல இருந்த இங்கிலீஷ் அந்த நிமிஷமே உதிர்ந்து போச்சு. மல்லிகா வாயைத் திறந்து, இங்கிலீஷ்ல என்னமோ சொன்னா. நல்ல வார்த்தை இல்லைன்னு தொனியிலேயே தெரிஞ்சுது.

கடைசியில ஷீட்ல அந்த மூணு நாள் மட்டும் நின்னுச்சு. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. ரெஜினா அதைப் பார்த்தா. மூணு நாள் என்ன நெனைச்சு உக்காந்தாளோ அதெல்லாம் அவளை விட்டுப் போயிருந்துச்சு, அதனால என்கிட்டத் திரும்பி, "அக்கா, இதுல என்ன இருக்கு?"ன்னா.

அருளப்பன்தான் குறுக்கே பாய்ஞ்சார். "அதையும் மாத்திடு ரெஜினா. உன் கால்ல விழறேன். தாங்க முடியல."

"என்னது அது? சொல்லுங்க, மாத்தறேன்."

"காதுல..." அவர் இடது காதைப் பிடிச்சுக்கிட்டார். ரூம் பூரா ஆளுங்க, ஜன்னல்ல ஆளுங்க, ஜெனிபர் வாசல்ல. "குழம்புல உப்புன்னு... நான்தான்... பாப்பா கதவுக்குப் பின்னால..."

ரெஜினா அவரைப் பார்த்தா. கோபமே இல்ல மூஞ்சியில. அந்தக் கோபம் அவர்கிட்ட இருந்துச்சு.

"எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க"ன்னா. "செஞ்சது நீங்க, ஞாபகம் வெச்சிருக்கறதும் நீங்க. அப்ப அது உங்களோடதுதானே?"

அவ்வளவுதான். அப்படியே சேவ் பண்ணிட்டு எந்திரிச்சா. நானும் என் ஒரு மணி நேரத்தைத் தயாளன்கிட்டயே விட்டுட்டேன், வெச்சுக்கட்டும்.

மறுநாள் டெஸ்ட் எழுதினா. மூணு பேர்ல ஒருத்தியா எடுத்தாங்க. அடுத்த மாசமே ஜெனிபரைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. போகும்போது அவ இடது பக்கம் நின்னு நான் மெதுவா கூப்பிட்டேன், திரும்பி, "என்னக்கா?"ன்னா.

அருளப்பன் இன்னும் கேரம் போர்டுகிட்டதான் இருக்கார். இடது பக்கம் நின்னு கூப்பிட்டா அவருக்குக் கேக்காது. புதுசா வர்றவங்க யாராவது, "காதுக்கு என்னப்பா ஆச்சு?"ன்னு கேப்பாங்க. கீழே விழுந்துட்டேன்னு சொல்லத்தான் வாயைத் திறப்பார். ஆனா ஒவ்வொரு தடவையும் நடந்ததுதான் வெளிய வருது.